நிரப்புவதும் அடங்குவதும்: ஆங்கிலம் காலத்தை அளக்கும் முறை



இன், ஃபார், சின்ஸ், பை, அன்டில், வித்தின். பள்ளியில் பிரிபொசிஷன் என்று படித்த இந்த முன்னிடைச்சொற்கள் காலத்தோடு சேரும்போது என்ன வேலை செய்கின்றன என்பதே இன்றைய பொருள். நம் வகுப்பறைகளில் இதற்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுப்பது வழக்கம். கடிகார நேரத்துக்கு ‘அட்’, கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. அந்தக் கட்டம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர், காலத்தின் அளவு சிறியதா பெரியதா என்று பார்த்து முன்னிடைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நம்பிவிடுகிறார். மூன்று நாள் என்பது எப்போதும் மூன்று நாள்தான். அதற்கு முன்னால் ஆங்கிலேயர் ஒருமுறை ‘ஃபார்’ போடுகிறார், மறுமுறை ‘இன்’ போடுகிறார், இன்னொரு முறை ‘வித்தின்’ போடுகிறார். அளவு மாறாதபோது சொல் ஏன் மாறுகிறது?

செயலுக்கும் காலத்துக்கும் உள்ள உறவு மாறுவதால்தான். ஒரு செயல் அந்தக் காலம் முழுவதையும் நிரப்புகிறதா, அதற்குள் அடங்கி முடிகிறதா, அதன் விளிம்பை மட்டும் தொடுகிறதா என்று ஆங்கிலம் கேட்கிறது. தமிழும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. அதுவும் வியக்கத்தக்க அளவு ஒத்த முறையில். இதை நம் ஆங்கில வகுப்புகள் பயன்படுத்திக்கொள்வதே இல்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடற்பயணத்திலிருந்து தொடங்குகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓத்தரே என்ற நார்வே நாட்டுக்காரர் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னரிடம் தம் பயணத்தைச் சொன்னார். நார்வேக்காரர்களிலேயே மிக வடக்கே வாழ்பவர் தாம்தான் என்றார். அதற்கும் வடக்கே நிலம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கக் கப்பலேறி, கரையோரமாகவே சென்று, ஐரோப்பாவின் வட முனையைச் சுற்றி வெண்கடல் வரை போனார். அந்த விவரம் ஒரோசியுசின் வரலாற்று நூலுக்குச் செய்யப்பட்ட பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் சேர்க்கப்பட்டு இன்றும் கிடைக்கிறது. ஆங்கிலம் படிக்கிறவர்கள் இதைப் புவியியலுக்காகப் படிப்பார்கள். அதிலுள்ள காலச் சொற்களுக்காகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஓத்தரே வடக்கு நோக்கி மூன்று நாள் போனதாக வரும் இடத்தில் நாள் என்ற சொல்லுக்கு முன்னால் எந்த முன்னிடைச்சொல்லும் இல்லை. இரண்டாம் வேற்றுமை வடிவத்தில் வெறுமனே ‘மூன்று நாள்’ என்று நிற்கிறது. அடுத்து அவர் கிழக்கே திரும்புகிறார். நான்கு நாளில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனார் என்று வருகிறது. அங்கே ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல் வந்துவிடுகிறது, நாள் என்ற சொல்லின் ஈறும் மாறுகிறது. முதல் தொடரில் பயணம் மூன்று நாளையும் நிரப்பியது. இரண்டாவதில் நான்கு நாள் என்பது ஓர் எல்லை. அதற்குள் எட்டக்கூடிய தூரம் அளக்கப்படுகிறது. இன்றைய ஆங்கிலம் முதலாவதற்கு ‘ஃபார்’, இரண்டாவதற்கு ‘இன்’ போடும்.

நான் மேலே தமிழில் சொன்னதையே திரும்பக் கேளுங்கள். ‘மூன்று நாள் போனார்.’ ‘நான்கு நாளில் போகக்கூடிய தூரம்.’ முதலாவதில் உருபு இல்லை, இரண்டாவதில் ‘இல்’ இருக்கிறது. ஆல்ஃபிரட் காலத்து ஆங்கிலமும் இன்றைய தமிழும் இந்த இடத்தில் ஒரே வழியில் நடக்கின்றன. உறவே இல்லாத இரண்டு மொழிகள் இப்படி ஒத்துப்போவதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த வேறுபாட்டை ஒரு சோதனைக் கருவியாகவே ஆக்கியவர் ஹங்கேரியில் பிறந்த தத்துவ அறிஞர் ஜீனோ வெண்ட்லர். 1957-இல் வெளிவந்த ‘வெர்ப்ஸ் அண்ட் டைம்ஸ்’ என்ற கட்டுரையில் வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார். வண்டியைத் தள்ளுவது ஒரு வகை, வட்டம் வரைவது வேறு வகை. வண்டி தள்ளுகிறவரைப் பாதியில் நிறுத்தினாலும் அவர் வண்டி தள்ளியவர்தான். வட்டம் வரைகிறவரைப் பாதியில் நிறுத்தினால் அவர் வட்டம் வரைந்தவர் ஆகமாட்டார். முன்னதற்கு இயல்பான முடிவு இல்லை, பின்னதற்கு உண்டு. ஆகவே முன்னது ‘ஃபார்’ ஏற்கும், பின்னது ‘இன்’ ஏற்கும். இந்த வேறுபாட்டின் வேரை அரிஸ்டாட்டிலிடமே காட்டுவார்கள். ஆனால் இரண்டு முன்னிடைச்சொற்களை வைத்தே அதைப் பிடித்துவிடலாம் என்பதை மொழியியல் மாணவர்களின் கையில் கொடுத்தது வெண்ட்லரின் கட்டுரைதான்.

தமிழில் சோதித்துப் பார்ப்போம். ‘ஒரு மணி நேரம் எழுதினான்’, ‘ஒரு மணி நேரத்தில் கடிதத்தை எழுதினான்’ இரண்டும் சரி. ‘ஒரு மணி நேரம் தூங்கினான்’ என்பதும் சரி. ‘ஒரு மணி நேரத்தில் தூங்கினான்’ என்றால்? தூக்கத்தின் நீளம் அங்கே காணாமல் போகிறது. புரண்டு புரண்டு படுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணயர்ந்தான் என்ற பொருள் வந்துவிடுகிறது. முடிவே இல்லாத செயலுக்கு ‘இல்’ போட்டதும், தமிழ் அதற்கு ஒரு முனையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. தூங்கத் தொடங்கிய கணம்தான் அந்த முனை. வீட்டில் தமிழ் பேசும் ஏழு வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் குழந்தைக்கு ‘ஃபார்’, ‘இன்’ வேறுபாட்டைக் கற்பிக்கக் கட்டம் எதற்கு?

‘இன்’ சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘இன் அன் அவர் முடிப்பேன்’ என்று ஒருவர் சொன்னால், வேலைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் என்றும் கொள்ளலாம், இப்போதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து முடியும் என்றும் கொள்ளலாம். தமிழின் ‘ஒரு மணி நேரத்தில்’ என்பதிலும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது. நாம் ‘இன்னும்’ என்ற ஒரு சொல்லை முன்னால் வைத்து, ‘இன்னும் ஒரு மணி நேரத்தில்’ என்று குழப்பத்தைத் தீர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலம் ‘வித்தின்’ போட்டு உச்சவரம்பை இறுக்குகிறது. அது நம் ‘க்குள்’.

இனி நம் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். பள்ளி விடுப்புக் கடிதத்தில் வரும் ஒரு வாக்கியம் இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் பழக்கம்: ‘ஐ ஆம் சஃபரிங் ஃபிரம் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்.’ சிவப்பு மையால் ‘சின்ஸ்’ஸை அடித்து ‘ஃபார்’ என்று எழுதுவோம். ‘ஆம் சஃபரிங்’கை அடித்து ‘ஹாவ் பீன் சஃபரிங்’ என்று எழுதுவோம். தொடக்கப் புள்ளிக்கு ‘சின்ஸ்’, கால நீளத்துக்கு ‘ஃபார்’ என்று விதியையும் சொல்வோம். அடுத்த மாதம் அதே வாக்கியம் திரும்பி வரும்.

விதி தெரியாததால் இது நேர்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. தொடக்கப் புள்ளியையும் நீளத்தையும் தமிழ் தெளிவாகவே பிரிக்கிறது. ‘திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்’ வேறு, ‘இரண்டு நாளாகக் காய்ச்சல்’ வேறு. யாரும் இரண்டையும் குழப்புவதில்லை. பிறகு ஏன் ‘சின்ஸ் டூ டேஸ்’?

விடை ‘ஆக’ என்ற நம் ஈற்றில் இருக்கிறது. ‘இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது’ என்றால் அது முடிந்த கதை. ‘இரண்டு நாளாகக் காய்ச்சல் அடிக்கிறது’ என்றால் இந்த நிமிடமும் உடம்பு சுடுகிறது. காலம் நாம் நிற்கும் இடம் வரை வந்து முட்டுகிறது என்பதைத் தமிழ் காலத்தொடரிலேயே, ஓர் ஈற்றில், சொல்லிவிடுகிறது. அதனால் வினை எளிய நிகழ்காலத்தில் நின்றால் போதும். ஆங்கிலத்தில் ‘ஃபார் டூ டேஸ்’ என்ற தொடருக்கு அந்த ஆற்றல் இல்லை. முடிந்த காய்ச்சலுக்கும் அதே தொடர்தான், முடியாத காய்ச்சலுக்கும் அதே தொடர்தான். இன்னும் தொடர்கிறது என்ற செய்தியை அங்கே வினை சுமக்கிறது; ‘ஹாவ்’ வருவது அதற்காகத்தான். நம் மாணவர் ‘இப்போது வரை’ என்ற பொருளைக் காலத்தொடரிலேயே சொல்லத் தேடுகிறார். ‘ஃபார்’ அதைத் தருவதில்லை என்று அவருடைய காது உணர்கிறது. அந்தப் பொருளைத் தாங்கி வரும் ஒரே முன்னிடைச்சொல்லாகச் ‘சின்ஸ்’ கண்ணில் படுகிறது, அதை எடுத்துக்கொள்கிறார். அவர் செய்தது அர்த்தமுள்ள ஒரு தேர்வு.

இதில் நாம் தனியாகவும் இல்லை. ஜெர்மானியர் ‘சைட்’ என்ற ஒரே சொல்லால் தொடக்கப் புள்ளியையும் நீளத்தையும் சொல்லி, வினையை நிகழ்காலத்தில் வைப்பார்கள். பிரெஞ்சுக்காரர் ‘தெப்புய்’ என்ற சொல்லால் அதையே செய்வார்கள். அவர்கள் ஆங்கிலம் பேசும்போதும் ‘சின்ஸ் டூ டேஸ்’ வந்து விழும். இதில் விலகி நிற்பது ஆங்கிலம்தான். மாணவரிடம் ‘ஆக’ என்ற ஈற்றின் வேலையை ஆங்கிலத்தில் ‘ஹாவ்’ செய்கிறது என்று ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள். விதியைப் பலமுறை எழுதவைப்பதைவிட அது ஆழமாகப் போய்ச் சேரும்.

இங்கே சொற்பிறப்பை ஒரு நிமிடம் தொட்டுவிட்டுப் போகிறேன். ‘சின்ஸ்’ பழைய ஆங்கிலத்தில் ‘அதற்குப் பிறகு’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து தேய்ந்து வந்தது. ‘டியூரிங்’ வினையிலிருந்து வந்தது. நீடித்தல் என்ற பொருளுடைய வினையின் எச்சம் அது. ‘போர் நீடிக்க’ என்ற பொருள் தரும் லத்தீன், பிரெஞ்சுத் தொடர்களின் சாயலில் ஆங்கிலத்துக்குள் வந்து, மெல்ல மெல்ல முன்னிடைச்சொல்லாகிவிட்டது. ‘ஆகு’ என்ற வினை ‘ஆக’ என்ற ஈறானதும், ‘இரு’ என்ற வினை ‘இருந்து’ என்ற சொல்லுருபானதும் இதே வகைப் பயணம்தான்.

‘பை’, ‘அன்டில்’ இரண்டுக்கும் அதிக நேரம் வேண்டாம். ‘வெள்ளிக்கிழமைக்குள் கொடு’, ‘வெள்ளிக்கிழமை வரை வைத்துக்கொள்.’ முன்னதில் ஒருமுறை நடக்கும் செயலுக்கு எல்லை, பின்னதில் நீடிக்கும் நிலைக்கு எல்லை. முன்னது ‘பை’, பின்னது ‘அன்டில்’. இந்தி பேசுகிறவருக்கு இரண்டுக்கும் ‘தக்’ ஒன்றுதான். ஜெர்மானியருக்கு ‘பிஸ்’ ஒன்றுதான். அவர்கள் உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டிய வேறுபாடு இது. தமிழ் மாணவர் இதைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்புக்குள் வருகிறார். ஆனால் நம் பயிற்சிப் புத்தகங்கள் பல, இது அவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டே தொடங்குகின்றன.

அந்தப் பழைய கட்டத்துக்கே திரும்புவோம். ‘ஐந்து மணிக்கு’, ‘திங்கட்கிழமை’, ‘மார்கழியில்’. கடிகார நேரத்துக்கு நாம் ‘கு’ போடுகிறோம், கிழமையை வெறுமனே விடுகிறோம், மாதத்துக்கு ‘இல்’ போடுகிறோம். ஆங்கிலத்தின் ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ என்ற மூன்று படிகள் தமிழிலும் மூன்று படிகளே. கட்டத்தில் விதிவிலக்காகச் சேர்க்கும் ‘அட் கிறிஸ்மஸ்’ கூட நமக்கு விதிவிலக்காகத் தோன்ற வேண்டியதில்லை. ‘பொங்கலுக்கு ஊருக்குப் போனோம்’, ‘தீபாவளிக்கு வருவான்’ என்கிறோமே, அந்தக் ‘கு’ ஐந்து மணிக்கு வரும் அதே ‘கு’தான். பண்டிகை பல நாள் நீண்டாலும் இரு மொழிகளும் அதை ஒரு தருணமாகவே பார்க்கின்றன. ‘அட் நைட்’ மட்டும் நம் ‘இரவில்’ என்பதோடு ஒட்டாது. அதை மட்டும் தனியே கற்றுக்கொள்ளட்டும்.

கிழமைக்கு ஏன் ‘ஆன்’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நாள் ஒரு பரப்பு, அதன் மேல் நிகழ்ச்சி நிற்கிறது என்று வடிவியல் விளக்கம் சொல்வார்கள். ஜெஃப்ரி லீச் போன்றவர்கள் புள்ளி, கோடு, பரப்பு, கொள்ளளவு என்ற பரிமாணங்களைக் கொண்டு முன்னிடைச்சொற்களை வகைப்படுத்தினார்கள். இடத்தைப் பொறுத்தவரை அது மிகப் பயனுள்ளது. காலத்தில், கிழமைக்கு ‘ஆன்’ வருவதற்கு வரலாறுதான் நேர்மையான விடை என்பது என் கருத்து. பழைய ஆங்கிலத்தில், குறிப்பாக ஆல்ஃபிரட்டின் மேற்குச் சாக்ஸன் வழக்கில், கோடைக்கும் ‘ஆன்’தான், காலைக்கும் ‘ஆன்’தான். பின்னாளில் ‘இன்’ வளர்ந்து பெரிய காலங்களைத் தனதாக்கிக்கொண்டது; நாள் மட்டும் பழைய உரிமையாளரிடமே தங்கிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு முறை என்பதற்கு ‘ட்வைஸ் அ டே’ என்கிறார்களே, அந்த ‘அ’ கூடத் தேய்ந்துபோன ‘ஆன்’தான்.

இடத்துக்கான சொற்களையே காலத்துக்கும் எடுத்துக்கொள்வது உலகெங்கும் காணும் வழக்கம். மார்ட்டின் ஹாஸ்பெல்மத் 1997-இல் வெளியிட்ட நூலில் 53 மொழிகளை எடுத்துக்கொண்டு இதை விரிவாகக் காட்டினார். நமக்கு இது புதிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமையை விளக்கும் நூற்பாவில் வினை நிகழும் இடம், நிலம், காலம் மூன்றையும் ஒரே உருபின் கீழ் வைத்திருக்கிறார்.

இதுவரை நிரப்புவதையும் அடங்குவதையும் பேசினேன். விளிம்பு மிஞ்சி நிற்கிறது. ‘திங்கள் முதல் வெள்ளி வரை’ என்றால் வெள்ளி உண்டா, இல்லையா? அமெரிக்கர்கள் ‘மன்டே த்ரூ ஃப்ரைடே’ என்று சொல்லி, வெள்ளி முழுவதும் உள்ளே என்று உறுதி செய்துகொள்கிறார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலம் ‘டு’ போட்டுவிட்டுக் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. பேச்சில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. சட்டத்தில் இதனால் வழக்கே தோற்கலாம்.

நம் நாட்டுப் பொது விதிகள் சட்டம், 1897-இன் 9-ஆம் பிரிவு இரண்டு முன்னிடைச்சொற்களுக்குப் பொருள் வகுக்கிறது. ஒரு காலவரையின் முதல் நாளை விலக்க வேண்டுமானால் ‘ஃபிரம்’ என்று எழுதினால் போதும். கடைசி நாளைச் சேர்க்க வேண்டுமானால் ‘டு’ என்று எழுதினால் போதும். முன்னிடைச்சொல்லின் பொருளைச் சட்டமே வரையறுக்கும் அபூர்வமான இடம் இது. சரி, சட்டத்தில் ‘ஃபிரம்’ இல்லாமல் ‘ஆஃப்’ என்று எழுதியிருந்தால்?

இந்தக் கேள்வி செக் பவுன்ஸ் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. செக் திரும்பி வந்தால் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் வழக்குக் காரணம் எழுகிறது. அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138, 142 பிரிவுகள் சொல்வது இது. சாகேத் இந்தியா வழக்கில் 15 நாள் அவகாசம் 1995 அக்டோபர் 14-இல் முடிந்தது. அக்டோபர் 15 அன்று வழக்குக் காரணம் எழுந்தது. புகார் தாக்கலான நாள் நவம்பர் 15. அக்டோபர் 15-ஐயும் எண்ணிக்கையில் சேர்த்தால் மாதம் நவம்பர் 14-உடன் முடிந்துவிடுகிறது, புகார் ஒரு நாள் தாமதம். விலக்கினால் கடைசி நாளில் சரியாக வந்து சேர்ந்த புகார். 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த நாளை விலக்கி, புகார் செல்லும் என்றது. அதே ஆண்டில் வந்த இன்னொரு தீர்ப்பு இதனோடு முரண்படுவதாகக் கருதப்பட்டதால், விவகாரம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. அதுதான் எகான் அன்ட்ரி வழக்கு.

அங்கே வைக்கப்பட்ட ஒரு வாதம் முழுக்க இலக்கண வாதம். சட்டம் ஓரிடத்தில் ‘ஃபிரம் த டேட்’ என்கிறது, வேறிடத்தில் ‘ஆஃப் த டேட்’ என்கிறது. இரு வேறு சொற்களைப் போட்டவர்கள் இரு வேறு பொருளைத்தானே நினைத்திருப்பார்கள். முதல் நாளை விலக்கும் விதி ‘ஃபிரம்’ சொல்லுக்கு மட்டும்தானே என்று கேட்டார்கள். 2013-இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. இத்தகைய இடங்களில் ‘ஆஃப்’, ‘ஃபிரம்’ இரண்டும் ஒரே பொருளைத் தரலாம் என்று சொல்லி, முதல் நாளை விலக்கும் முறையையே உறுதிசெய்தது. மொழியறிந்தவனாக இந்தத் தீர்ப்பு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. ‘ஆஃப்’ விளிம்பைப் பற்றி எதுவும் சொல்லாத சொல். அதற்குள் ஒரு நாள் கணக்கை வலிந்து திணிப்பது ஆங்கிலத்துக்குச் செய்யும் நியாயம் ஆகாது. இங்கிலாந்திலும் 1808-இல், லெஸ்டர் எதிர் கார்லண்ட் வழக்கில், ‘மரணத்துக்குப் பின் ஆறு மாதத்துக்குள்’ என்ற உயில் வாசகத்துக்கு மரண நாளை விலக்கியே கணக்கிட்டார்கள்.

இதிலிருந்து தமிழுக்கு ஒரு வேலை பிறக்கிறது. இந்த ஆங்கில வாசகங்கள் அறிவிப்புகளிலும் ஆணைகளிலும் ‘இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற நாளிலிருந்து 15 தினங்களுக்குள்’ என்று தமிழாகின்றன. மொழிபெயர்ப்பில் குறையில்லை. ஆனால் நம் வீடுகளில் நாள் எண்ணும்போது முதல் நாளையும் சேர்த்தே எண்ணுவது பரவலான பழக்கம். திங்களன்று தொடங்கிய மருந்துக்குப் புதன் மூன்றாம் நாள். பிரெஞ்சுக்காரர்களும் ஒரு வாரத்தை எட்டு நாள் என்றும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றும் சொல்வது இப்படி இரு முனைகளையும் சேர்த்து எண்ணும் பழக்கத்தால்தான். அப்படி எண்ணுகிறவருக்குச் சட்டம் தரும் ஒரு நாள் தெரியாமலே போகிறது. இன்னும் ஒரு நாள் மிச்சமிருக்கும்போதே கெடு முடிந்துவிட்டது என்று நினைத்து மனுவை எடுத்துவைத்துவிட வாய்ப்பிருக்கிறது.

ஆகவே தமிழில் அறிவிப்பு எழுதுகிறவர்களிடமும், அவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசித் தேதி தெரிந்த இடங்களில் ‘15 தினங்களுக்குள்’ என்பதோடு நிறுத்தாமல், அந்தத் தேதியையும், அன்று அலுவலகம் மூடும் நேரத்தையும் அச்சிடுங்கள். நோட்டீஸ் கைக்குக் கிடைக்கும் நாளைப் பொறுத்துக் கெடு மாறும் இடங்களில் ‘கிடைத்த நாள் கணக்கில் சேராது’ என்று ஒரு வரி சேருங்கள். படிவத்தில் அதற்கு இடமிருக்கிறது.